செம்பரம்பாக்கம் திறந்தால் உங்கள் போனில் என்ன வர வேண்டும்? பாப்-அப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

மழை பிடித்துவிட்டால் பூந்தமல்லியிலிருந்து கோட்டூர்புரம் வரை ஒரே கேள்விதான்: "செம்பரம்பாக்கத்துல இப்ப எத்தனை அடி?" ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 22 அடியை நெருங்கினாலே வாட்ஸ்அப் குழுக்களில் வதந்தி கிளம்பிவிடும்.

அந்தப் பயத்துக்குக் காரணம் 2015 டிசம்பர் 1. அன்று ஏரியிலிருந்து வெளியேறிய நீர் விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. அடையாறு கரை மீறியது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு. எங்களுக்கு எதுவும் வரவில்லை என்றார்கள் கரையோர மக்கள். மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் என்று பின்னாளில் சிஏஜி அறிக்கை சொன்னது.

2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் பல போன்கள் ஒரே நேரத்தில் அலறின. திரை நடுவே ஒரு பெட்டி, கீழே ஒரு 'ஓகே'. இது சோதனைதான், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்றது அந்தச் செய்தி. 2015-ல் விட்டுப்போனதை நிரப்பக்கூடிய ஏற்பாடு இது. ஆனால் அந்தப் பெட்டியை எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரே வரி கோடு

ஐடியில் இருப்பவர்களுக்குத் தெரியும், பாப்-அப் பெட்டி உருவாக்குவது முதல் வாரப் பாடம். பைத்தானில் டிகின்டர், ஜாவாஸ்கிரிப்டில் 'அலர்ட்', எதுவானாலும் ஒரே வரி. தலைப்பு, செய்தி, பட்டன் கொடுத்தால் போதும். இதில் 'மோடல்' என்ற வகை பிடிவாதக்காரப் பெட்டி. பதில் சொல்லாமல் பின்னால் இருக்கும் எதையும் தொட விடாது. பிரவுசரில் 'அலர்ட்' வந்தால், ஓகே அமுக்கும்வரை அந்தப் பக்கத்தின் புரோகிராமே அப்படியே நிற்கும்.

இந்தப் பலத்தைக் கண்ட இடத்திலெல்லாம் காட்டியதால்தான் சிக்கல். குக்கீ, அப்டேட், ரேட்டிங் என்று நாள் முழுக்கப் பெட்டிகள். விரல் பழகிவிட்டது. "என்ன வந்துச்சுன்னே பாக்கல, ஓகே குடுத்துட்டேன்" என்று சொல்லாதவர் யார்?

ஹவாயின் 38 நிமிடங்கள்

2018 ஜனவரி 13 காலை, ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல என்று அமெரிக்காவின் ஹவாய் மாநில மக்களின் போன்களுக்கு எச்சரிக்கை போனது. தவறான எச்சரிக்கை. திருத்தச் செய்தி வர 38 நிமிடங்கள் ஆயின. எச்சரிக்கையை அனுப்பும் முன் ஊழியரின் திரையில் உறுதிதானா என்று கேட்கும் பெட்டி வரத்தான் செய்தது. ஆனால் ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் ஒரே வாசகம் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் கண்டறிந்தது. போதாக்குறைக்கு, அந்த ஊழியர் அதை நிஜ ஆபத்து என்றே நம்பியிருந்தார். உறுதியாக நம்புகிறவரிடம் 'உறுதியா?' என்று கேட்டால் ஆமாம் என்றுதானே சொல்வார்! மாறாக, "மாநிலம் முழுவதற்கும் நிஜ எச்சரிக்கை போகப் போகிறது" என்று பெட்டியும், 'அனுப்பு', 'நிறுத்து' என்று பட்டன்களும் சொல்லியிருந்தால், ஒரு நொடியாவது யோசித்திருக்கலாம். பட்டனில் வெறும் 'ஓகே' போடாமல் செயலைச் சொல்லுங்கள் என்றுதான் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் வழிகாட்டிகளும் சொல்கின்றன.

கன அடி யாருக்குப் புரியும்?

இப்போது ஏரிக்கு வருவோம். கற்பனையாக ஒரு செய்தி: "செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 6,000 கன அடி உபரிநீர் திறக்கப்படுகிறது. கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்." தவறே இல்லை. ஆனால் அனகாபுத்தூரில் தரைத்தளத்தில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு இதில் என்ன புரியும்? 6,000 என்பது முழங்காலா, இடுப்பா? தண்ணீர் குன்றத்தூர், திருநீர்மலை தாண்டித் தன் தெருவுக்கு எப்போது வரும்? 'எச்சரிக்கையாக' என்றால் கிளம்புவதா, காத்திருப்பதா? எந்த ஊர், எத்தனை மணிக்குள், எங்கே போக வேண்டும்: முதல் வரியிலேயே இந்த மூன்றும் இருந்தால்தான் விரல் ஓகேக்குப் போகும் முன் கண் நிற்கும்.

ஊர் பார்த்து அனுப்ப வழி இருக்கிறது. எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகும், நெரிசலில் தாமதமாகும். 'செல் பிராட்காஸ்ட்' அப்படியில்லை. குறிப்பிட்ட டவர்களின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கு ஒரே வீச்சில் போகும், யாருடைய நம்பரும் தேவையில்லை. மணப்பாக்கத்துக்கு ஒரு வாசகம், சைதாப்பேட்டைக்கு இன்னொன்று என்று அனுப்பலாம்.

டவர் உயிரோடு இருந்தால்தான் இதெல்லாம். 2015 வெள்ளத்தில் பல இடங்களில் செல்போன் சேவையே படுத்துவிட்டது. ஆகவே மதகு திறக்கும் முன்பே பெட்டி வந்தாக வேண்டும்.

உங்கள் பக்கம் ஒரு நிமிட வேலை: போன் செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி அலர்ட்' என்று தேடி, ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். 2023 சோதனையின்போது சத்தம் தாங்காமல் ஆஃப் செய்தவர்கள் முக்கியமாகப் பார்க்கவும்.