சாந்துக் கட்டுக்குள் இருக்கும் கை

கொய்யா மரத்திலேறிய சிறுவன் கொப்பு முறிந்து விழுகின்றான். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிடுகிறது. வைத்தியசாலையில் எலும்பைச் சீராக்கிச் சாந்துக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புகின்றனர். அன்றிரவு பிள்ளை உறங்காமல் அழுகின்றான். “எலும்பு முறிந்தால் நோகத்தானே செய்யும், பொறுத்துக்கொள், ராசா” என்று அம்மம்மா தேற்றுகின்றாள். பார்க்க வந்த அயலவரும் அதையே சொல்லிச் செல்கின்றனர். இவ்வாறுதல் அன்பினாற் பிறந்ததே. ஆயினும், ஒரு பிள்ளையின் கையை வாழ்நாள் முழுவதும் முடமாக்கிவிடக்கூடிய ஆறுதலும் இதுவே.

முறிந்த எலும்பை அசையாமல் நிறுத்திக் கட்டியபின் நோவு மெல்ல மெல்லக் குறையவேண்டும். அதுதான் இயற்கை. கட்டியபின் நோவு மணிக்கு மணி கூடுமாயின் அந்நோவு எலும்பினுடையதன்று. கட்டுக்குள் நெரிபடும் தசையினுடையது. எலும்பு முறியும்போது அதனைச் சூழ்ந்த சிறு குருதிக் குழாய்களும் கிழிகின்றன. குருதியும் நீரும் கசிந்து உறுப்பு வீங்குகின்றது. முதல் இரண்டு மூன்று நாட்களில் இவ்வீக்கம் மிகும். வெறுங்கையாயின் தோல் இளகி இடங்கொடுக்கும். இறுகிய சாந்தோ இம்மியும் இடங்கொடாது. வெளியே போக வழியில்லாத வீக்கம் உள்நோக்கி அழுத்துகின்றது. தசைக்குச் செல்லும் குருதி தடைப்படுகின்றது. ஏறத்தாழ 6 மணி நேரம் குருதி பெறாத தசை மீளமுடியாதபடி மாளத் தொடங்கும். மாண்ட தசை பின்னர் நாராகிச் சுருங்க, விரல்கள் பறவையின் நகங்களைப் போல் உள்ளே மடங்கி நின்றுவிடும். இதனை 1881ஆம் ஆண்டில் ஜேர்மன் சத்திர வைத்தியராகிய றிச்சட் ஃபொன் ஃபோல்க்மன் விளக்கி எழுதினார். இன்றும் அக்கேடு அவர் பெயராலேயே வழங்குகின்றது. சிறுவருக்கு முழங்கையின் மேற்புறத்தில் உண்டாகும் முறிவிலே இவ்வபாயம் குறிப்பிடத்தக்கது.

மூங்கிற் பத்தைகளை வைத்துச் சீலையால் இறுக்கும் கட்டுக்கும் இதே விதி பொருந்தும். முறிவு நெரிவு வைத்தியர் கட்டினாலென்ன, வைத்தியசாலையிற் கட்டினாலென்ன, வீக்கத்துக்கு இரண்டும் ஒன்றே.

ஆகவே, கட்டுப் போட்ட முதல் இரண்டு நாட்களும் வீட்டார் பார்க்கவேண்டியது கட்டையன்று, கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை. நகத்தை அழுத்தி விட்டால் வெளிறிய நிறம் இரண்டு வினாடிக்குள் சிவந்து திரும்பவேண்டும். விரல்கள் மற்றக் கையின் விரல்களைப் போல் இளஞ்சூடாக இருக்கவேண்டும். தொட்டால் உணரவேண்டும், மடக்கச் சொன்னால் மடக்கவேண்டும். பிறர் விரலை மெல்ல நிமிர்த்தும்போது பிள்ளை அலறினால் அது மிக முக்கியமான அறிகுறி. வெளிறல், குளிர்ச்சி, விறைப்பு என்பன தோன்றும்வரை காத்திருத்தல் ஆகாது. அவை பிந்தியே வரலாம். கொடுத்த மாத்திரைக்கு அடங்காமற் கூடிக்கொண்டே போகும் நோவு ஒன்றே போதும். அப்பொழுது இரவு இரண்டு மணியாயினும் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அங்கே சாந்தையும் அதனடியிலுள்ள பஞ்சையும் தோல்வரை பிளந்து தளர்த்துவார்கள். அதுவும் போதாதவிடத்துச் சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். நீரிழிவால் நரம்புணர்ச்சி குன்றியவர்களுக்கு நோவே தெரியாதிருக்கலாம். அவர்களுக்குக் கண்ணாற் பார்ப்பதே காவல்.

வீக்கத்தை வராமற் குறைக்கவும் வழியுண்டு. கையாயின் தலையணைகளின் மீது நெஞ்சின் மட்டத்துக்குச் சற்று உயர்த்தி வைக்கவேண்டும். காலாயின் கதிரையிலிருந்து தொங்கவிடாமல் நீட்டிப் படுத்து உயர்த்தவேண்டும். கழுத்திலிருந்து கட்டும் தூக்கிலே மணிக்கட்டு முழங்கையிலும் தாழ்ந்து தொங்குவது பலரும் கவனியாத பிழை. நீர் முழுவதும் விரல்களுக்கு இறங்கிவிடும். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டவேண்டும். மோதிரம், காப்பு, கோயிலிற் கட்டிய நூல் ஆகியவற்றை வீங்குமுன்னரே கழற்றிவிடுதல் நன்று. நூலைக் கழற்ற மனம் வராதவர்கள் அதனை மற்றக் கையிற் கட்டிக்கொள்ளலாம்.

இனிச் சாந்தைப் பற்றிச் சிறிது. ஜிப்சம் என்னும் கனியத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள நீரின் பெரும்பகுதி நீங்கி வெண்பொடியாகும். பாரிஸ் நகரின் மொன்மாத்திரிப் பகுதியில் இக்கனியம் மிகுதியாக வெட்டியெடுக்கப்பட்டமையால் அப்பொடிக்குப் பரிசுச் சாந்து என்று பெயர் வந்தது. 1852இல் ஒல்லாந்துப் படை வைத்தியரான அந்தோனியுஸ் மத்தைசன், சாந்துப்பொடி தூவிய சீலையை நனைத்துச் சுற்றும் முறையை வெளியிட்டார். நீர் சேர்ந்ததும் பொடி மீண்டும் கல்லாகின்றது; அப்போது சூடு பிறக்கின்றது. சில நிமிடங்களில் இறுகினாலும் உள்ளீரம் உலர்ந்து முழுவலுப் பெற இரண்டு நாட்கள் வரை செல்லும். அதுவரை கட்டை விரல்நுனியாற் பிடித்துத் தூக்கலாகாது. விரல் பதிந்த குழி உட்புறத்தில் மேடாகி, நாளடைவில் தோலைப் புண்ணாக்கும். உள்ளங்கையால் ஏந்தவேண்டும். உலரட்டுமென்று அடுப்படியில் வைப்பதும், பொலித்தீனாற் சுற்றி மூடுவதும் கூடா, காற்றே போதும். இக்காலத்தில் இடப்படும் கண்ணாடி நார்க் கட்டு பாரங் குறைந்தது, விரைவில் இறுகுவது. ஆனால் அதனுள்ளும் பஞ்சு இருப்பதால் நனையவிடலாகாது. கிணற்றடியில் முழுகுவதை ஒத்திவைத்து, கட்டைப் பொலித்தீன் பையால் மூடி வாளியில் நீர் வைத்து உடம்பைக் கழுவுதல் வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் நோவு போய்க் கடி வருகின்றது. வியர்வை மிகுந்த நாட்டிலே அக்கடி சாமானியமன்று. ஈர்க்கு, பின்னலூசி, பேனை முதலியவை அப்பொழுது கையிலகப்படும். உள்ளே விட்டுச் சொறிந்த ஈர்க்கு முறிந்து தங்கினாலும், ஊறிய தோல் கீறுபட்டாலும், புண் கண்ணுக்குத் தெரியாமலே சீழ்கட்டும். கட்டின்மேல் மெல்லத் தட்டினால் ஓரளவு ஆறும். சிறுபிள்ளைகள் போளையையும் புளியங்கொட்டையையும் கட்டுக்குள் ஒளித்துவைப்பதுண்டு, கேட்டால் ஒப்புக்கொள்ளார். துர்நாற்றம், கட்டின்மேற் கறை, காய்ச்சல், ஓரிடத்தில் எரிவு என்பன காணப்படின் கட்டைத் திறந்து பார்த்தேயாகவேண்டும். காலிற் கட்டுள்ளவர்க்குக் கெண்டைக்கால் நொந்து, மூச்சு முட்டி, நெஞ்சும் நோகுமாயின் அது நாளத்தில் உறைந்த குருதியின் வேலையாக இருக்கலாம். அதற்கும் தாமதம் கூடாது.

எலும்பு பொருந்துவது தன் கதியிலேயே நடக்கும். பிள்ளையின் கைக்கு 3 அல்லது 4 வாரம், முதிர்ந்தவரின் மணிக்கட்டுக்கு 6 வாரம், முழந்தாளுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு 12 வாரமோ அதற்கு மேலோ ஆகும். பாலும் நெத்தலியும் முட்டையும் கீரையும் நல்லன. புகைத்தல் எலும்பு பொருந்துவதைப் பிற்படுத்தும்.

கட்டை வெட்டும் வாளின் ஓசைக்குப் பிள்ளைகள் அஞ்சுவர். அதன் தகடு சுழல்வதன்று. இடமும் வலமுமாக அதிர்வது. ஆதலால் கல்லை வெட்டும். இளகி அசையும் தோலை எளிதில் வெட்டாது. இதனை முன்னரே சொல்லிவைத்தல் பெற்றோர் கடன். வெளிவரும் கை மெலிந்து, உரிந்த தோலோடும் அடர்ந்த மயிரோடும் காணப்படும். அது கண்டு பதறவேண்டியதில்லை. விறைத்த முழங்கையை எண்ணெய் தேய்த்து உருவி, வலிந்து நிமிர்த்தும் வழக்கம் மட்டும் கைவிடப்படவேண்டும். அவ்வாறு வருத்தப்பட்ட தசைக்குள்ளே புதிதாக எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடுவதுண்டு. இளஞ்சூட்டு நீரிற் கையை அமிழ்த்தி, பிள்ளை தானாகவே மடக்கி நீட்டட்டும். ஈரச் சீலையொன்றைக் கொடுத்துப் பிழியச் சொன்னால் அதனை விளையாட்டாகவே செய்வான். சில வாரங்களிற் பிடியில் வலு திரும்பத் தொடங்கும்.