ஜெட்டா, ஹெலியா? நோர்வூட்டிலிருந்து ஒரு விமானிக் கனவு

கடந்த முறை நோர்வூட்டுக்குப் போயிருந்தபோது எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்துப் பையன் ஒரு பத்திரிகைத் துண்டுடன் வந்தான். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான், சனிக்கிழமைகளில் ஹட்டனுக்கு ரியூஷன் போகிறான். துண்டில் இருந்தது விமானப்படையின் கெடெற் அதிகாரி ஆட்சேர்ப்பு விளம்பரம். “அக்கா, இதுக்கு நான் போடலாமா? போட்டா ஜெட்டா ஹெலியான்னு நாமளே கேக்கலாமா?”

2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட் மைதானத்தில் பேச வந்தபோது இவனுக்கு ஒன்பது வயது. அன்று மலைக்கு மேலே சுற்றிய ஹெலிகொப்டர்களைப் பார்த்ததிலிருந்து இந்த ஆசை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு விமானம் என்றால் வேறொன்று நினைவுக்கு வரும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் வந்த மார்ட்டின் எயார் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள்.

எனக்கு நினைவுக்கு வருவது இவை இரண்டும் அல்ல. என் தாத்தாவின் தம்பி குடும்பம் 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. அப்படிப் போன மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த வீட்டு அத்தை 2009 வரை பங்கருக்குள் இருந்து காதால் படித்த பாடம் கிபிர், வண்டு, ஹெலி. யாழ்ப்பாணத்தில் அவருக்கு முந்திய பாடம் சகடையும் புக்காராவும். 1995 ஜூலை 9இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் அதிகமானோர் இறந்ததையும், 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலையில் மாணவிகள் கொல்லப்பட்டதையும் இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படையில் சேரலாமா என்றுதான் பையன் கேட்கிறான், அது அவனுக்கே முழுதாகத் தெரியாமல்.

முதலில் ‘போடலாமா’ என்பதைப் பார்ப்போம். சட்டப்படி போடலாம். ஆனால் இந்தக் கேள்வியை அவனுடைய தாத்தா கேட்டிருக்கவே முடியாது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. பிரஜை அல்லாதவருக்குப் படையும் இல்லை, அரச உத்தியோகமும் இல்லை. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிக்கையில் பிரித்தது. மிஞ்சியிருந்தவர்களின் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. தமிழர் படையின் உச்சிக்கு வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதி அன்ரன் முத்துக்குமாரு. 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதி ராஜன் கதிர்காமர். 1956 மொழிச் சட்டமும் 1962 சதிப்புரட்சி முயற்சிக்குப் பின் வந்த ஆட்சேர்ப்பும் அந்தக் கதவை ஒடுக்கின. யுத்தம் அதை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் பூட்டியது.

அடுத்தது தகுதி. இரண்டு வழிகள். ஒன்று, உயர்தரம் முடித்து நேரடியாகக் கெடெற் அதிகாரியாகச் சேர்வது. மற்றது, இரத்மலானை கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டத்துடன் சேர்வது. சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்தில் நல்ல பெறுபேறு, தெளிவான கண்பார்வை, திருமணமாகாதவர், வயது 18 முதல் 22 வரை என்பவை வழமையான நிபந்தனைகள். ஒவ்வொரு விளம்பரத்திலும் சிறு மாற்றங்கள் வரும் என்பதால் அந்த ஆண்டு விளம்பரத்தை வரிக்கு வரி வாசிக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளில் எனக்குக் கோபம் வருவது உயரத்தில்தான். 5 அடி 6 அங்குலம் என்ற அளவே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. 2016 குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டில் ஏறக்குறைய 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 வீதம். நேர்முகத் தேர்வில் எந்த அதிகாரியும் பாரபட்சம் காட்ட வேண்டியதே இல்லை. பிள்ளைமடுவத்தில் குடித்த தேத்தண்ணியும் ரொட்டியும் பதினைந்து வருடங்களுக்கு முன்பே பாதிப் பிள்ளைகளைக் கழித்துவிட்டிருக்கும். நம் பையன் தேறிவிடுவான் போலிருக்கிறது, அரை அங்குலம்தான் பிரச்சினை.

தெரிவானால் தியத்தலாவையில் தரைப் போர்ப் பயிற்சி. பிறகு திருகோணமலை சீனக்குடாவில் பறப்புப் பயிற்சி. செஸ்னா 150, சீனத் தயாரிப்பான பிரி-6 போன்ற சிறு விமானங்கள். பறப்புப் பாடம் ஆங்கிலத்தில், விடுதி வாழ்க்கை சிங்களத்தில். பாடம் கடினமா விடுதி கடினமா என்று பையன் கேட்டான். விடுதி என்றே நினைக்கிறேன்.

அங்கிருந்துதான் பாதை மூன்றாகப் பிரிகிறது. ஜெட், போக்குவரத்து விமானம், ஹெலிகொப்டர். பெயருக்கு ஜெட்டே பெரியது. ஆனால் இன்று இலங்கையில் ஒடுங்கிய பாதையும் அதுதான். கிபிர்கள் நீண்ட காலம் பறக்காமல் நின்று, 2021இல் இஸ்ரேலிய நிறுவனத்துடன் 49 மில்லியன் டொலருக்குப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் போடும் நிலைக்கு வந்தன. பறக்க விமானம் குறைந்தால் விமானிக்கு மணித்தியாலங்களும் குறையும். விமானியின் சொத்து அந்த மணிக்கணக்குத்தான்.

சி-130, அன்டனோவ்-32, வை-12 ஓட்டுகிறவருக்கு வேறு கணக்கு. பல இயந்திர விமானத்தில் சேரும் மணிகள், பின்னாளில் விமானச் சேவை நிறுவனங்கள் கேட்கும் மணிகள். முழு விமானச் சேவை விமானி உரிமத்துக்கு 1,500 மணி தேவை. ஹெலிகொப்டர்காரருக்கு அந்தப் பக்கம் தாவுவது சிரமம், உரிமமே வேறு. ஆனால் உள்ளூரில் வேலை அதிகம். மத்திய ஆபிரிக்கக் குடியரசு, தென்சூடான் ஐ.நா. பணிகளுக்குப் போகிறவர்களும் இவர்களே. ஆபத்தும் இவர்களுக்குக் குறைவில்லை. 2025 மே மாதம் மாதுறு ஓயாவில் பெல் 212 விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 30இல், டித்வா புயல் நிவாரணத்தில் இருந்த இன்னொரு பெல் 212 லுணுவிலவில் விழுந்து அதன் விமானி இறந்தார். மண்ணுக்குள் போன மலையகத்துக்கு அந்த நாட்களில் வானத்திலிருந்தும் உதவி வந்தது என்பதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

சிவில் வழி ஏன் கூடாது என்று கேட்கலாம். வர்த்தக விமானி உரிமத்துக்கு ஏறக்குறைய 200 மணி நேரம் சொந்தக் காசில் பறக்க வேண்டும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில், மாதம் 25 நாள் பேர் விழுந்தால், வருடத்துக்கு நான்கு லட்சம். பத்து வருடம் ஒரு சதம் செலவழிக்காமல் சேர்த்தாலும் நாற்பது லட்சம்தான். அது பறப்புப் பாடசாலைக்குக் காணாது. இலவசமாகப் பறக்கக் கற்றுத்தரும் வேறு இடம் இந்த நாட்டில் இல்லை என்பதுதான் விஷயத்தின் முடிச்சு. அதற்குப் பதிலாக வருடக்கணக்கில் சேவைக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

(ஒப்பந்தத்தில் கூடலூருக்குப் போன பெரியப்பா வழிப் பேரப்பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் இந்தியாவின் என்.டி.ஏ. பரீட்சை எழுதலாம். சென்னையில் பிறந்து அந்த வழியாக வந்த சோதனை விமானி அஜித் கிருஷ்ணன் இன்று ககன்யான் விண்வெளிப் பயணத்துக்குத் தெரிவானவர்களில் ஒருவர். ஒரே லயம், இரண்டு கப்பல் சீட்டு.)

பையனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். விருப்பத்தைச் சொல்லலாம். தீர்மானிப்பது பயிற்சிப் புள்ளிகளும், ஆசிரியர்களின் மதிப்பீடும், அந்த வருடம் எந்த அணிக்கு ஆள் தேவை என்பதும்தான். இதை நான் உறுதிப்படுத்திக்கொண்டதற்குக் காரணம் அத்தை. தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “புள்ள படிச்சுப் போறத நான் ஏன் தடுக்கப் போறேன். ஆனா கிபிர் மட்டும் ஓட்ட வேணாம்னு சொல்லு. ஹெலில போகட்டும், வெள்ளத்துல ஆக்கள தூக்குறாங்கல்ல,” என்றார்.

அந்த வாக்கை யாராலும் கொடுக்க முடியாது. அதுமட்டுமல்ல, ஹெலி சுத்தம் ஜெட் அழுக்கு என்ற பிரிப்பும் நிற்காது. வடக்கில் ஹெலியிலிருந்து சுட்டார்கள், சரக்கு விமானங்களிலிருந்து குண்டு போட்டார்கள். அத்தைக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தே சொன்னார் என்று நினைக்கிறேன்.

பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நவாலியையும் வள்ளிபுனத்தையும் உட்பட. பாடப்புத்தகத்தில் அவன் அதைப் படித்ததில்லை. போகாதே என்று நான் சொல்லவில்லை. வடக்கு நண்பர்கள் சிலர் என்னோடு இதற்காகச் சண்டை பிடிப்பார்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. யோசித்துவிட்டு அவன் கேட்டது இது: “அக்கா, அத்தகிட்ட நான் ஒருவாட்டி பேசலாமா?” நம்பரைக் கொடுத்திருக்கிறேன். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.