படகுக்கு ஏன் சரிவான கூரை?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏரிகள் உறையத் தொடங்குமுன் படகுகள் கரையேறிவிடும். மேலே தார்ப்பாய் போர்த்திவிட்டால் வசந்தம்வரை கவலையில்லையா? அப்படி விட்டுவிட முடியாது.

முதல் எதிரி பனியின் எடை. புதிதாக விழுந்த பொலபொலப்பான பனி, கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ வரை இருக்கும். 6 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் உள்ள பாயின்மேல் அது 30 சென்டிமீட்டர் படிந்தால் 450 கிலோ! ஈரப்பனி என்றால் அதைப்போல் மும்மடங்குகூட ஆகலாம்.

பாய் தொய்ந்திருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. பகலில் உருகும் பனி பள்ளத்தில் தேங்கி, இரவில் உறையும். அந்தக் கனம் பாயை மேலும் கீழே இழுக்கும். ஆழமான பள்ளம் அடுத்த பனியையும் பிடித்துவைத்துக்கொள்ளும். கடைசியில் பாய் கிழியும்.

அதனால்தான் படகின் நடுவே, முன்னிருந்து பின்வரை ஓர் உத்தரத்தை உயர்த்திக் கட்டி, ஓட்டுவீட்டுக் கூரைபோலப் பாயை இருபுறமும் விறைப்பாகச் சரியவிடுகிறார்கள். பனி தங்காமல் வழுக்கி விழுந்துவிடும்.

காற்றோட்டமும் தேவை. இறுக மூடினால் உள்ளே சிக்கிய ஈரம் குளிர்ந்த பாயின் அடியில் துளிகளாகப் படியும். இருக்கைகளில் பூஞ்சை பிடிக்கும்.

பாயோடு எஞ்சினையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. எஞ்சினுக்குள் மிச்சமிருக்கும் நீர், வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். எனவே அந்த நீரை முழுக்க வடித்துவிட வேண்டும். படகின் முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, பின்பக்க வடிகால் மூடியைக் கழற்றிவைத்தால், உள்ளே கசியும் நீரும் வழிந்தோடும்.

சரிவையும் மீறிப் பாயின்மேல் குவிந்த பனியை மென்மையான துடைப்பத்தால் தள்ளலாம். ஒட்டிய பனிக்கட்டியை மண்வாரியால் கொத்தக் கூடாது. குளிரில் விறைத்த பிளாஸ்டிக் பாய் எளிதில் விரிசல் விடும்.