பழைய வண்டியைத் திருத்துவதா, விற்பதா?

இல்லத்திலே நெடுங்காலம் இருந்த பொருளொன்று பழுதடையும்போது, அதனைத் திருத்துவதா, விலக்குவதா என்னும் வினா எழுகின்றது. அப்பொருள் மோட்டார் வண்டியாயின் வினா எளிதில் விடைபெறுவதில்லை. பணம் ஒரு பக்கம் இழுக்கும்; பாசம் மறுபக்கம் இழுக்கும். அண்மையில் எமது வீட்டிலும் அந்நிலை ஏற்பட்டது. எமது அநுபவம் வாசகர் சிலருக்கேனும் பயன்படலாம் எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

எம்மிடம் உள்ளது 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டிய மொறிஸ் மைனர். ஆசிரியராயிருந்த எமது தந்தையார் அதனை 1961இல் வாங்கினார். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே 16 இலட்சத்திற்கு மேற்பட்ட மைனர் வண்டிகள் செய்யப்பட்டன. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் அவற்றுட் சிலவற்றை இன்றும் காணலாம்.

சென்ற மாரியில் எமது வண்டி நீலப் புகை கக்கத் தொடங்கிற்று. நால்வர் ஏறினால் இழுவை குறைந்தது. அன்னையாரை மாதந்தோறும் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல அவ்வண்டியையே நம்பியிருந்தோம். முழங்கால் நோவினால் ஓட்டோவில் ஏறி இறங்குவது அவருக்குப் பெருந் துன்பம்.

மண்ணெண்ணெய்க் காலம்

நோயின் வேர் பழையது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்பரேற்றரிலே சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் முற்றாக ஆவியாவதில்லை. எஞ்சியது சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியிலுள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்யும். றிங்குகள் தேய்வது அதனாலேயே.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நடக்கமாட்டாத பாட்டியாரை அவ்வண்டியின் பின்னாசனத்திலே கிடத்தினோம். சனநெருக்கத்திலே எஞ்சினை நிறுத்திவிட்டு, நாவற்குழிப் பாலம் வரை கையாலேயே தள்ளிச் சென்றோம். அவ்வண்டியை விற்பது என்றதும் எமது நா எழாமற் போனமைக்குக் காரணம் இதுவே.

அடித்தட்டு முதலில்

வெளிநாட்டிலுள்ள தம்பி, “வித்துப்போடுங்கோ அண்ணை” என்றார். ஆயின் விற்றபின் வாங்குவது எங்ஙனம்? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. வரியும் மிக அதிகம். எம்மிடம் இருந்த சேமிப்போ மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கென ஒதுக்கியது.

கராச்சிலுள்ள முதியவரிடம் சென்றோம். அவர் எஞ்சினைத் திறக்கவில்லை. “மாஸ்ரர், எஞ்சினை நான் பாக்கிறன். முதல் அடித்தட்டைப் பாப்பம்” என்றார். மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை, உடலே சட்டமுமாகும். அடித்தட்டு துருவேறி உக்கினால் புதிய எஞ்சினாலும் பயனில்லை. தந்தையார் மாரிதோறும் வண்டியின் அடியைக் கழுவிப் பழைய ஒயில் பூசிவந்தார். அதனை வீண் வேலையென நாம் நகைத்ததுண்டு. சுத்தியலாற் தட்டிய இடமெல்லாம் கணீரென்றது.

அடுத்து, சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்தார். இரண்டில் சதுர அங்குலத்திற்கு 110 இறாத்தல்; மற்றை இரண்டில் 70. குறைந்தவற்றில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளந்தபோது 100க்கு ஏறிற்று. ஒயில் விட்டதும் அமுக்கம் ஏறினால் தேய்ந்தவை றிங்கும் சிலிண்டருமே. ஏறாவிடின் வால்வையோ ஹெட் காஸ்கற்றையோ ஐயுறல் வேண்டும். வண்டி வைத்திருப்போர் இதனை நினைவிற் கொள்க. இச்சிறு சோதனை வீண் செலவைத் தடுக்கும்.

தந்தையாரின் குறிப்புப் புத்தகத்தையும் புரட்டினோம். ஏ-9 பாதை திறந்த 2002இல் கொழும்பிலிருந்து பிஸ்டன்கள் தருவித்து, சிலிண்டர்களை அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு குடைந்தமை அதிலே எழுதப்பட்டிருந்தது. ஆகவே இன்னுமொரு முறை குடைய இடமுண்டு.

அன்னையாரின் சொல்

அன்றிரவு மகள் ஒரு தாளிலே கணக்கெழுதினாள். திருத்தச் செலவு ஒரு பக்கம். வாடகை வண்டிக்கு ஈராண்டில் ஆகுஞ் செலவு மறுபக்கம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாயிருந்தன. நாம் பாட்டியாரின் கதையை எடுத்தோம். அன்னையார் இடைமறித்தார்: “அது எங்களைச் சுமந்தது எண்டதுக்காகத் திருத்தாதை, தம்பி. இனியும் சுமக்குமெண்டால் திருத்து.”

அச்சொல்லே எமக்கு அளவுகோலாயிற்று. மதிப்பீட்டை எழுத்திற் பெற்றோம். செலவுக்கு ஓர் எல்லை வகுத்தோம். எஞ்சினைக் கழற்றியதும் கிராங்க் தண்டை அளப்பது. அதுவும் பழுதாயிருந்து செலவு எல்லையைத் தாண்டுமாயின், அந்நிலையிலேயே வண்டியை விற்றுவிடுவது. பிள்ளையின் படிப்புப் பணத்திலே கைவைப்பதில்லை என்பதே அவ்வெல்லை. தண்டை அளந்த நாளில் நாம் கராச் வாயிலில் நின்ற நிலையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அதற்கு மினுக்குதலும் புதிய பெயறிங்குகளுமே தேவைப்பட்டன.

வண்டி இப்பொழுது ஓடுகின்றது. முதல் 500 மைல் வரை விரைவை அடக்கி ஓட்டிப் பின் ஒயில் மாற்றும்படி முதியவர் பணித்துள்ளார். ஞாயிறுதோறும் மகள் ஒயிலின் அளவைப் பார்த்துப் பாட்டனாரின் புத்தகத்திலே குறிக்கின்றாள். அப்புத்தகத்தில் இன்னும் பதினொரு பக்கங்கள் உள்ளன.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, முதலில் உடலைப் பாருங்கள். பின்னர் நோயை அளவுங்கள். அதன்பின் எல்லையை வகுத்துக்கொண்டு கையை நீட்டுங்கள். கணக்கு வேண்டாம் என்று கூறினால், கண்ணீரோடு விற்பதும் தவறன்று.