வீட்டுத் தொட்டியில் மண்புழு எரு

மண்புழு உழவனின் நண்பன் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தியாகும். சார்லஸ் டார்வின் தம் வாழ்நாளின் இறுதியில், 1881ஆம் ஆண்டில், இவ்வுயிரைப் பற்றித் தனி நூல் ஒன்றே வெளியிட்டார். ஆயினும், வீடுகளில் ஆர்வத்துடன் தொடங்கப்பெறும் புழுத் தொட்டிகள் பல, முதல் மாதத்திலேயே நாற்றமெடுத்துக் கைவிடப்படுகின்றன. இது புழுக்களின் குறையன்று. அவற்றின் இயல்பை அறியாது உணவிடுவதன் விளைவேயாகும்.

மண்புழுவுக்குப் பற்கள் இல்லை. காய்கறித் தோலை அது நேரே கடித்துத் தின்பதில்லை. முதலில் நுண்ணுயிர்கள் அதனை இளகச் செய்கின்றன. இளகியதையே புழு உட்கொள்கிறது. புதிய கழிவைக் குவியலாக இட்டால், நுண்ணுயிர்களின் செயலால் உஷ்ணம் மிகும், புழுக்கள் மடியும். மேலும், புழு தன் ஈரத் தோலினாலேயே சுவாசிக்கிறது. தோல் உலர்ந்தாலும், தொட்டியில் நீர் தேங்கிக் காற்று அற்றுப்போனாலும் அது உயிர்வாழாது.

தோட்டத்து மண்ணைத் தோண்டி எடுக்கும் புழுக்கள் எல்லாம் இதற்குப் பயன்படா. மண்ணின் ஆழத்தில் வளைகளில் வாழும் இனங்களை விடுத்து, மேற்பரப்பில் மக்கும் குப்பையில் வாழும் இனங்களையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஐசீனியா ஃபெடிடா, ஆப்பிரிக்க இனமாகிய யூட்ரிலஸ் யூஜீனியே, நம் நாட்டிற்கே உரிய பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவை இத்தகையன. யூட்ரிலஸ் கடுங்குளிரைத் தாங்காது. ஆதலின் வட இந்தியாவின் குளிர்காலத்திற்கு ஐசீனியாவே ஏற்றது.

அடியில் துளையிட்ட மரப்பெட்டி, மண்தொட்டி, பிளாஸ்டிக் வாளி ஆகியவற்றுள் எதுவும் போதும். அதனை நிழலில், செங்கற்களின் மீது வைத்து, கசியும் நீரை ஏந்த அடியில் ஒரு தட்டு இடுக. தென்னை நார்க் கழிவு, உலர்ந்த இலைகள், கிழித்த செய்தித்தாள் ஆகியவற்றை நனைத்து, அரையடி உயரத்திற்குப் படுக்கை அமைக்க வேண்டும். ஒரு கைப்பிடி படுக்கையைப் பிழிந்தால் ஓரிரு துளி நீரே சொட்ட வேண்டும். சிறிது பழைய சாணத்தையும் கலந்து, புழுக்களை விட்டு, ஈரச் சாக்கினால் மூடுக. உஷ்ணநிலை 15 முதல் 30 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருத்தல் நலம்.

சமையலறைக் கழிவைச் சிறு துண்டுகளாக்கி, தனிப் பானையில் உலர்ந்த இலைகளுடன் சேர்த்து, பத்து நாட்களேனும் மக்கவிட்டபின் இடுவதே பாதுகாப்பானது. முதல் வாரத்தில் ஒரு கைப்பிடியே போதும். இட்டது பெரும்பாலும் மறைந்த பின்னரே அடுத்த கைப்பிடியை வேறு மூலையில் புதைத்தல் வேண்டும். இறைச்சி, பால், எண்ணெய், ஊறுகாய் ஆகியவற்றை விலக்குக; எலுமிச்சைத் தோல், வெங்காயம், மிளகாய் ஆகியவற்றை அதிகம் இடலாகாது.

இப்பணியைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்ளலாம். பெரியவர்கள் கழிவைப் பிரித்து நறுக்க, சிறுவர்கள் ஈரத்தைச் சோதித்து, இட்ட நாளையும் மறைந்த நாளையும் குறிப்பேட்டில் எழுதலாம். புழுக்களின் உண்ணும் திறனை அக்குறிப்பேடே காட்டிவிடும். தொட்டியில் நாற்றம் எழுந்தால் உணவை நிறுத்தி, உலர்ந்த இலைகளைக் கலந்து கிளறுக. எறும்பு வந்தால் படுக்கை உலர்ந்துவிட்டது என அறிக. புழுக்கள் விளிம்பில் ஏறினால், ஈரமோ உஷ்ணமோ மிகுந்திருக்கக் கூடும்.

இரண்டு அல்லது மூன்று மாதங்களில் படுக்கை கருநிறமாகி, மழை பெய்த மண்ணின் மணம் பெறும். சில நாட்கள் நீர் தெளிக்காது விட்டு, வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால், ஒளியை வெறுக்கும் புழுக்கள் அடியில் இறங்கும். மேலுள்ள எருவை எடுத்துக்கொண்டு, புழுக்களைப் புதிய படுக்கையில் விடலாம். பூந்தொட்டிகளில் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு போதுமானது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஈரக் கழிவையும் உலர் கழிவையும் பிரித்துவைக்கும் பொறுப்பை வீட்டாரிடமே ஒப்படைத்தன. பிரிக்கப்படாது குப்பைமேட்டில் புதையும் ஈரக் கழிவு, காற்றின்றி அழுகி மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. இதனை எடுத்துரைக்கும் ஆசிரியரும் களப்பணியாளரும், பெரிய தொட்டியைப் பரிந்துரைப்பதினும், ஒரு சிறு தொட்டியை ஒரு மாதம் பழுதின்றிக் காத்துக் காட்டுவதே சிறந்த போதனையாகும்.