ரியூவும் கென்னும் தேடி வந்த இந்தியர்

நாகை, வேதாரண்யம் பக்கம் சிலம்பக் களத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் வீச்சு சொல்லித் தருவதில்லை. முதலில் காலடி வரிசைதான். கால் நின்ற பிறகுதான் கம்பு சுழலும்.

ஜப்பானியர்கள் 1995இல் எடுத்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூ வி’ என்ற கார்ட்டூன் தொடரிலும் இந்தப் பொறுமைக்கு இடமுண்டு. கேப்காம் நிறுவனத்தின் 1991ஆம் ஆண்டு சண்டை வீடியோ கேமைத் தழுவிய தொடர் இது. 29 பகுதிகள், இயக்கியவர் கிசாபுரோ சுகீ. நாயகர்கள் ரியூ, கென் இருவருக்கும் வயது 17. ஊர் ஊராகப் போய் வல்லவர்களிடம் மோதிப் பார்க்கும் அவர்கள், ‘ஹடோ’ என்னும் உள்ளாற்றலைக் கற்க இந்தியாவுக்கே வந்துவிடுகிறார்கள். குரு, யோகி தால்சிம்.

விளையாட்டில் இதே தால்சிம் கழுத்தில் மண்டையோட்டு மாலையோடு, ரப்பராக நீளும் கைகளோடு வாயால் தீ உமிழ்வார். அவர் களத்தின் பின்னணியில் யானைகள் நிற்கும். 1976இல் வந்த குங்ஃபூ படம் ஒன்றில் கை நீளும் இந்திய வீரர்தான் அவருக்கு முன்மாதிரி. நம் யோகிகளை ஜப்பானியர் கொஞ்சம் மிகையாகவே கற்பனை செய்துவிட்டார்கள்!

கேமில் ஸ்டிக்கைக் கீழிருந்து முன்பக்கம் திருப்பி பட்டனை அழுத்தினால் ஹடோகென் என்னும் ஆற்றல் வீச்சு பாய்ந்துவிடும். தொடரிலோ ரியூ அதற்குப் பல பகுதிகள் பாடுபட வேண்டியிருக்கிறது. தொடரின் அழகே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

அதே பொறுமையைக் கற்றுத்தரும் நம் சிலம்பமும் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது.