வடக்கைக் காட்டும் செடி

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. வானத்தை மேகம் மூடியிருக்கிறது. கையில் திசைகாட்டியும் இல்லை. வடக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அது அமெரிக்காவின் இல்லினாய்ஸ், அயோவா மாநிலங்களின் புல்வெளியாக இருந்தால், ஒரு செடி உதவிக்கு வரும். அதை அங்கே 'திசைகாட்டிச் செடி' என்றே அழைக்கிறார்கள். அறிவியல் பெயர் சில்ஃபியம் லாசினியேட்டம். சூரியகாந்திக் குடும்பம், கோடையில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும், ஆள் உயரத்தையும் தாண்டி 3 மீட்டர் வரை வளரும்.

இதன் அடி இலைகள் ஆழமாக வெட்டுப்பட்டு, சொரசொரப்பாக இருக்கும். அவை படுத்துக் கிடக்காமல் செங்குத்தாக நிற்கும். பெரும்பாலான இலைகளின் விளிம்புகள் வடக்கு தெற்காகவும், தட்டையான பக்கங்கள் கிழக்கு மேற்காகவும் இருக்கும்.

இலைக்குள் காந்தம் இருக்குமோ என்று ஒரு காலத்தில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. காந்தமெல்லாம் இல்லை, எல்லாம் சூரியன் செய்யும் வேலை! இளம் இலை காலை வெயிலுக்கு ஏற்றபடி திரும்பி நின்றுகொள்கிறது.

இதனால் என்ன லாபம்? காலையிலும் மாலையிலும் இதமான வெயில் இலையின் முழுப் பக்கத்திலும் விழும். உணவு தயாரிக்க அது போதும். அந்த ஊரில் உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்துதான் இருக்கும். அந்தக் கடும் வெயில் இலையின் விளிம்பில் மட்டும் படும். இலை அதிகம் சூடாகாது, தண்ணீரும் வீணாக ஆவியாகாது.

நிலத்துக்கு அடியிலும் ஓர் ஏற்பாடு உண்டு. இதன் வேர் 4 மீட்டருக்கும் கீழே இறங்கும். முதல் சில ஆண்டுகள் பூக்காமல் வேரைத்தான் வளர்க்கும். அப்படி வேரூன்றிய செடி பல பத்தாண்டுகள் வாழும்.

பூவிலும் ஒரு வேடிக்கை. சூரியகாந்தியில் நடுவட்டத்தில்தான் விதை உண்டாகும். இதில் நேர் தலைகீழ்: ஓரத்து மஞ்சள் பூக்கள்தான் விதை தரும்.

இலையின் தந்திரத்தை நீங்களே சோதிக்கலாம். வெயில் உள்ள நாளில் ஓர் அட்டையை, விளிம்புகள் வடக்கு தெற்காக இருக்கும்படி, மண்ணில் செங்குத்தாக நட்டு வையுங்கள். காலை எட்டு மணிக்கு அதன் நிழலின் அகலத்தை அளந்து எழுதுங்கள். நண்பகலில் மறுபடி அளந்து பாருங்கள். நிழல் ஏன் மெல்லிய கோடாகிவிட்டது என்று உங்கள் தோழர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள்!